மணி, பிரம்பு, உள்ளங்கை: கற்றல் கோட்பாடுகளைச் சாதியின் பக்கமிருந்து வாசித்தல்

1

கல்வி குறித்து நம்மிடையே நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் ‘எதைக் கற்பிக்கிறார்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. பாடநூலில் யாருடைய வரலாறு இருக்கிறது, யாருடையது இல்லை, பயிற்றுமொழி எது, பாடத்திட்டம் மாநிலத்தினுடையதா, மத்திய வாரியத்தினுடையதா. 2023-24 கல்வியாண்டிலிருந்து புதுச்சேரி அரசுப் பள்ளிகள் படிப்படியாக மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டபோதும் இதே கேள்விகள்தாம் எழுந்தன. தேவையான கேள்விகள், சந்தேகமில்லை. ஆனால் ‘எப்படிக் கற்கிறோம்’ என்கிற கேள்வியை நாம் உளவியல்காரர்களிடமும் பி.எட். கல்லூரிகளிடமும் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். அது ஏதோ விஞ்ஞான சமாச்சாரம், அரசியலுக்கு அப்பாற்பட்டது என்கிற நினைப்பு. உண்மையில் அதிகாரம் உடம்புக்குள் இறங்குகிற இடம் அதுதான். பாடநூலை மாற்றிவிடலாம். உடம்பு கற்றுக்கொண்டதை மாற்ற ஒரு தலைமுறை போதாது.

எனவே அந்தக் குத்தகை நிலத்துக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்கலாம் என்று தோன்றியது. நான் உளவியல் படித்தவனில்லை, தமிழ் படித்தவன். பி.எட். மாணவர்கள் கையில் புழங்கும் ‘கல்வி உளவியல்’ கைடுகளை ஒரு பிரதியாக, கதையாக வாசிக்கிற உரிமை எனக்கு உண்டு என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கைடுகளின் கற்றல் அத்தியாயம் ஒரு மிருகக் காட்சிசாலை. முதலில் பாவ்லோவின் நாய் வரும். அப்புறம் தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலியும் புறாவும், கோலரின் சிம்பன்சி. கடைசியில் பாண்டுராவின் பொம்மையைக் குத்தும் குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு வரையறை, அதன் கீழே ‘கல்வியில் இதன் பயன்கள்’ என்று ஐந்தாறு வரிகள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது போதும். இந்தக் கதையாடலில் ஒன்றைக் கவனியுங்கள். நாயைச் சொல்லும்போது ‘பசித்த நாய்’ என்பார்கள். பூனையும் பசித்த பூனைதான். எலியைப் பட்டினி போட்டுத்தான் பெட்டிக்குள் விட வேண்டும்; இல்லாவிட்டால் அது கம்பியை அழுத்தாது. ‘கல்வியில் பயன்கள்’ என்று வந்ததும் பசி காணாமல் போய்விடுகிறது. அங்கே வருவது ‘மாணவன்’. அவனுக்குப் பசி கிடையாது, சாதி கிடையாது, ஊரா சேரியா என்கிற முகவரி கிடையாது. ஆய்வுக்கூடத்து மிருகத்துக்கு இருக்கிற பருண்மைகூட நம் வகுப்பறைப் பிள்ளைக்கு மறுக்கப்படுகிறது. இது எழுதியவரின் கவனக்குறைவு அல்ல, இந்தப் பிரதியின் அரசியலே இதுதான்.

2

கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோழர்கள் பலர் ‘அது அமெரிக்க முதலாளித்துவ உளவியல்’ என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோவதால் இது அவசியமாகிறது.

உணவு வாயில் பட்டால் நாய்க்கு எச்சில் ஊறும். இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உணவுக்கு முன்னால் தொடர்ந்து ஒரு ஒலியை எழுப்பினால், பிறகு ஒலிக்கே எச்சில் ஊறும். இது ஆக்கநிலையுறுத்தல். (கைடுகளில் எப்போதும் மணிதான். பாவ்லோவின் கூடத்தில் தாளக்கருவி, மின்மணி, விளக்கு என்று பலவும் இருந்தன. நம் பள்ளிக்கூடத்தில் மணி இருப்பதால் கைடிலும் மணி நிலைத்துவிட்டது போலும்.) ஸ்கின்னர் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். உயிர் ஏதோ ஒன்றைச் செய்கிறது. செய்ததன் விளைவு சாதகமாக இருந்தால் அந்தச் செயல் திரும்ப வரும். இது வலுவூட்டல். பாண்டுரா மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். தானே செய்து, தானே பரிசோ அடியோ வாங்க வேண்டியதில்லை. அடுத்தவன் செய்வதையும் அவனுக்கு நேர்வதையும் பார்த்தாலே போதும். இது உற்றுநோக்கிக் கற்றல்.

அமெரிக்கச் சரக்கு என்பவர்களுக்கு: முதலாமவர் ரஷ்யர். பாவ்லோவின் ஆய்வுக்கு எல்லா வசதிகளும் செய்து தரவேண்டும் என்று 1921 ஜனவரியில் ஆணையில் கையெழுத்திட்டவர் லெனின். 1950-இல் ஸ்டாலின் காலத்தில் விஞ்ஞான அகாதமிகள் கூடி, பாவ்லோவுக்கு மாறாக யோசித்த உடலியலாளர்களை மண்டியிட வைத்தன. அனிச்சைச் செயலைப் பற்றிய கோட்பாட்டையே அனிச்சையாக ஒப்பிக்க வேண்டியதாயிற்று. ‘புதிய மனிதன்’ ஒருவனைத் தயாரித்துவிடலாம் என்கிற ஆசை இரண்டு முகாம்களுக்கும் பொதுவாக இருந்தது. 1948-இல் ஸ்கின்னர் ‘வால்டன் டூ’ என்று ஒரு நாவலே எழுதினார். வலுவூட்டலால் மட்டுமே நடக்கும் ஒரு கற்பனைக் கம்யூன் அது. (நம்மூர்க் ‘கொம்யூன்’களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வில்லியனூரும் பாகூரும் 1880-ஆம் வருடத்துப் பிரெஞ்சு ஆணை வழிவந்த நிர்வாகக் கொம்யூன்கள். பாரீஸ் கம்யூனின் பெயர் மட்டும் கப்பலேறி வந்து சேர்ந்தது.)

இந்தக் கோட்பாட்டுக்கு நம் மொழியில் ஏற்கனவே ஒரு சொல் உண்டு: பழக்குதல். பாகூர்ப் பக்கம் உழவு மாடு இருந்த காலத்தில், கன்றைச் சாலோட்டப் பழக்குவதற்கு அதைப் பழகின மாட்டோடு சேர்த்து ஏரில் பூட்டுவார்கள். பாவ்லோவ், ஸ்கின்னர், பாண்டுரா மூன்று பேரும் அந்த ஒரு நுகத்தடியில் இருக்கிறார்கள். ‘ஹை’ என்ற சத்தம், தார்க்குச்சி, பக்கத்தில் நடக்கும் பெரிய மாடு. ‘அடியாத மாடு படியாது’ என்பது அந்த வயலில் பிறந்த பழமொழி. அது எப்போதோ வரப்பேறிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. படிதல் என்றால் அடங்குதல். படித்தல் என்றால் கற்றல். இரண்டுக்கும் இடையில் ஒரு ‘த்’தான் வித்தியாசம் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நம் பள்ளிகள் அந்தத் தற்செயலை ஒரு கொள்கையாகவே நடத்திவந்திருக்கின்றன.

ஸ்கின்னர் இந்தப் பழமொழியை ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதுதான் வேடிக்கை. தண்டனை எதையும் கற்பிப்பதில்லை என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். அடி ஒரு நடத்தையைத் தற்காலிகமாக அமுக்கும். அடிப்பவர் நகர்ந்ததும் அது திரும்பிவரும். கூடவே பயமும் ஏய்ப்பும் வளரும். நம் கைடுகளில் பல ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பதற்குத் தண்டனை என்று பொருள் எழுதி, பிரம்புக்கு விஞ்ஞானச் சான்றிதழ் வாங்கித் தந்துவிடுகின்றன. எதிர்மறை வலுவூட்டல் தண்டனை அல்ல. துன்பம் தரும் ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவதே அது. ‘சரிங்க சார்’ என்றதும் அடி நிற்கிறது; அதனால் பையன் ‘சரிங்க சார்’ கற்றுக்கொள்கிறான். கணக்கை அல்ல. இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரம்பை எடுத்ததும் வகுப்பு அமைதியாகிறது; அந்த அமைதி வாத்தியாருக்குக் கிடைக்கும் வலுவூட்டல். அடுத்த நாள் கை தானாகப் பிரம்புக்குப் போகிறது. பிரம்பு பையனைப் பழக்குகிறதோ இல்லையோ, வாத்தியாரை நன்றாகப் பழக்கிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்த பிறகும் அந்தக் கை ஏன் நமைச்சல் எடுக்கிறது என்பதை ‘ஆசிரியரின் மனசு சரியில்லை’ என்கிற ஒழுக்கவாதத்தால் விளக்க முடியாது. ஸ்கின்னரால் விளக்க முடியும். கோட்பாட்டை எறிந்துவிடுவதற்கு முன் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்வோம்.

3

பாகூருக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், வாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டன. அந்தச் செப்பேடு 1879-இல் கிடைத்தது. வடமொழியும் தமிழும் கலந்தது. நம்மூர்க்காரர்கள் ‘அந்தக் காலத்திலேயே பாகூரில் யுனிவர்சிட்டி இருந்துச்சு’ என்று பெருமையாகச் சொல்வதுண்டு. பெருமைதான். ஆனால் செப்பேட்டை வலுவூட்டலின் மொழியில் வாசித்துப் பாருங்கள். வேதங்கள், அங்கங்கள், மீமாம்சை முதலான பதினான்கு வித்தைகளை மனனம் செய்து கைமாற்றித் தருகிறவர்களுக்கு மூன்று ஊரின் விளைச்சல் பரிசு. உழுகிறவருக்கு? அவர் கற்பதும் அறிவுதான்: மடை திறக்கும் நேரம், விதைநெல்லின் பக்குவம், ஏரி நீரின் அளவு. அது கற்றலாகக் கணக்கில் ஏறவில்லை. கணக்கில் ஏறியது அவர் கொடுத்த நெல். ஒரு செயலைக் கற்றல் என்றும் இன்னொன்றை வெறும் உழைப்பு என்றும் பிரிக்கிற கோடு செம்பிலேயே வெட்டப்பட்டுவிட்டது. இன்றைக்கும் பாகூர்ப் பக்கத்து வயலில் நாற்று நடும் ஒரு பெண்ணிடம் ‘எங்கே கத்துக்கிட்டீங்க’ என்று கேட்டால், ‘இதுல கத்துக்க என்னா இருக்குது, அம்மா பின்னாடியே போனேன், வந்துடுச்சு’ என்பார். கற்றதையே கற்கவில்லை என்று சொல்லப் பழக்கியிருப்பதும் ஒரு கற்பித்தல்தான்.

அடுத்தது திண்ணை. தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கல்வி விசாரணைக்குப் பதிலாக, பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823 ஆகஸ்டில் ஓர் அறிக்கை அனுப்பினார். தரம்பால் 1983-இல் வெளியிட்ட ‘அழகிய மரம்’ என்ற தொகுப்பால் அது நமக்குப் பரவலாகத் தெரியவந்தது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழி: புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். ஸ்கின்னர் பிறப்பதற்கு எண்பது வருஷத்துக்கு முந்திய வலுவூட்டல் அட்டவணை இது, அதுவும் உள்ளங்கையின் மேலேயே எழுதியது. அதே அறிக்கையில் பையனைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவதும், ஓயாமல் உட்கார்ந்து எழவைப்பதும் உண்டு. நாம் கோதண்டம் என்றும் தோப்புக்கரணம் என்றும் சொல்வோம். ‘வெள்ளைக்காரன் வந்துதான் நம் அழகிய கல்வியைக் கெடுத்தான்’ என்று தரம்பாலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

அவர்கள் விரும்பிக் காட்டும் இன்னொரு பக்கம் உண்டு. மெட்ராஸ் ராஜதானியின் தமிழ் மாவட்டங்களில் திண்ணையில் படித்தோரில் பெரும்பான்மை பிராமணர்கள் அல்ல. தென்னார்க்காட்டில் ‘சூத்திரரும் பிற சாதியாரும்’ 84 சதவீதத்துக்கும் மேல் என்கிற கணக்கு அது. முக்கியமான கணக்கு, மறுக்கவேண்டாம். நம் பிரெஞ்சுக் கிராமங்களைச் சுற்றி வளைத்துக்கிடந்தது அந்தத் தென்னார்க்காடுதான். ஆனால் ‘பிற சாதியார்’ என்கிற அந்த ஒரு கட்டத்துக்குள் திண்ணையில் உட்கார்ந்தவர் யார், தெருவுக்குள்ளேயே வரக்கூடாதவர் யார் என்று கணக்கெடுப்பு சொல்லாது. திண்ணை என்பது ஊர்த்தெரு வீட்டின் உறுப்பு. பிள்ளை அதில் ஏறுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் அது நடக்கவேண்டும்.

இதே மெட்ராஸிலிருந்து ஒரு பொருள் ஏற்றுமதியானது. ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் 1796 வரை எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பையன்களுக்கான அனாதை இல்லத்தை நடத்தினார். மலபார்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதை எடுத்துக்கொண்டதாக அவரே சொல்கிறார். (அன்றைய ஐரோப்பியர் வாயில் ‘மலபார்’ என்பது பெரும்பாலும் தமிழைத்தான் குறிக்கும்.) மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். நமக்கோ சட்டாம்பிள்ளை பழைய ஆசாமி. காம்ப்பெல்லும் இது இங்கிருந்து இங்கிலாந்து பின்பற்றிய முறை என்றே எழுதினார். பெல் 1797-இல் லண்டனில் தன் ‘மெட்ராஸ் முறை’யை அச்சிட்டார். அடுத்த வருடமே ஜோசப் லங்காஸ்டர் அதையொத்த பள்ளியைத் தொடங்கினார்: ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், சட்டாம்பிள்ளைகளின் அடுக்கு. பரிசுச் சீட்டும் பதக்கமும் பொம்மையும் ஒரு பக்கம்; கழுத்தில் மரக்கட்டையும், கூடையில் உட்காரவைத்துக் கூரையில் தூக்குவதும் மறுபக்கம். தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்க இது தோதாக இருந்தது. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இப்படி நடந்தன.

மிஷெல் ஃபூக்கோ ‘கண்காணிப்பும் தண்டனையும்’ (1975) நூலில் இந்தப் பரஸ்பரப் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் மாதிரியாகப் பேசுகிறார். சொல் குறைவு, சைகை அதிகம். மணி, கைதட்டல், ஒரு பார்வை. உடம்பு உடனே துலங்க வேண்டும். அந்தப் பக்கங்களைப் படிக்கிற தமிழ் வாசகர்களுக்கு நினைவு வரவேண்டியது எழும்பூர். நவீன ஐரோப்பிய ஒழுங்கின் ஒரு வேர் நம் திண்ணை மணலில் இருக்கிறது. காலனியம் நமக்கு ஒழுங்கைக் கொண்டுவந்தது என்பதும், நாம் கள்ளங்கபடமற்று இருந்தோம் என்பதும் ஒரே பொய்யின் இரண்டு பாதிகள். சாதி ஒழுங்கும் காலனிய ஒழுங்கும் ஒன்றுக்கொன்று பாடம் கேட்டுக்கொண்டன. அவற்றில் சட்டாம்பிள்ளை யார் என்பது காலத்துக்குக் காலம் மாறியது.

4

இப்போது சோறு. இந்த இடத்தில்தான் உளவியல் நேரடியாகச் சாதியின் வாயில் புகுந்து பேசுகிறது.

புதுச்சேரியில் பள்ளி மதிய உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் மாநகராட்சியில் அதற்கும் முன்னால், 1920-களில். காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டின் காலை உணவு என்று அது விரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தை நடுத்தர வர்க்கம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது: ‘சோத்துக்காகத்தான் வர்றானுங்க, படிக்கவா வர்றானுங்க?’ படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காக ‘ஊக்கி’ என்பார்கள். மணியடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் காட்டி, பாவ்லோவின் பெயரைச் சொல்லிச் சிரித்த படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோட்பாட்டின்படியே இது தப்பு. பாவ்லோவின் ஏற்பாட்டில் உணவு கற்றுக்கொண்ட தூண்டல் அல்ல, இயல்பான தூண்டல். பசித்த பிள்ளை சோற்றைத் தேடுவது உயிரின் சங்கதி. அதில் பழக்கம் ஏதுமில்லை. சோறு அந்தப் பிள்ளையைப் பள்ளிக்குப் ‘பழக்க’வில்லை, கற்பதற்குத் தடையாக இருந்த ஒன்றை நீக்குகிறது. ஆய்வுக்கூடத்தில் எலியைப் பட்டினி போடுவது சோதனையாளர். இங்கே பட்டினி போட்டது யார் என்று கேட்டால், மூன்று ஊர் விளைச்சலை எழுதிவாங்கிய செப்பேடு வரைக்கும் போகவேண்டியிருக்கும்.

இதைவிட முக்கியமானது: வலுவூட்டலை ஏழைப் பிள்ளையிடம் மட்டுமே கண்டுபிடிக்கிற இந்தப் பார்வை. மேல்சாதி, நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கு வலுவூட்டல் இல்லையா? அது விழித்ததிலிருந்து உறங்கும்வரை வலுவூட்டலில் நனைந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் பேசும் மொழியே பாடநூலின் மொழி. வாய் திறந்தால் ‘வெரிகுட்’. வாத்தியாருக்குத் தெரிந்த அப்பா பெயர். தப்பாகச் சொன்னால் ‘கவனக்குறைவு’ என்பார்கள். சேரிப் பிள்ளை சொன்ன அதே தப்புக்கு ‘அதுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்பார்கள். ஒருவருக்கு மழையாகப் பெய்வதை இயற்கை என்றும், இன்னொருவருக்கு ஒரு தம்ளர் தண்ணீராகக் கிடைப்பதை இலவசம் என்றும் சொல்கிற சொல்லாடல் இது. ‘தகுதி’ என்று நாம் மதிப்பது, நெடுங்காலம் இடைவெளியில்லாமல் வலுவூட்டப்பட்ட நடத்தையின் மறுபெயர்.

தண்ணீர் என்றதும் சாத்தாராவில் படித்த அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். வகுப்பில் தனிக் கோணிப்பையில் உட்கார வேண்டும். குழாயைத் தானே தொடக்கூடாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். தாகம் எடுத்தவுடன் குழாயைத் தேடாமல் ஒரு மனிதனின் முகத்தைத் தேடப் பழக்குகிற ஏற்பாடு அது. பாவ்லோவ் இப்படி ஒரு சோதனையை யோசித்திருக்கமாட்டார்.

5

அதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதியைப் புரிந்துகொள்ள மூன்று கோட்பாடுகளில் மிகவும் உதவுவது பாண்டுராவுடையது என்று எனக்குப் படுகிறது.

1961-இல் ஸ்டான்ஃபோர்டில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதேபோல் அடித்தார்கள். இதைத்தான் கைடுகள் சொல்லும். 1965-இல் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அடித்த பெரியவருக்குத் தண்டனை கிடைப்பதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். சரி, கற்கவில்லை என்று நினைப்போம். பிறகு ‘பார்த்ததைச் செய்துகாட்டினால் பழரசம், ஒட்டுப்படம்’ என்றதும் அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவு கற்றிருந்தார்கள். சிலர் வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். கற்றல் வேறு, வெளிப்பாடு வேறு.

‘எங்க ஊர்ல இப்பல்லாம் சாதி பாக்கறதில்லீங்க’ என்று வில்லியனூர்ப் பக்கத்திலும் பாகூர்ப் பக்கத்திலும் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் உண்மையாகவே சொல்கிறார்கள். சட்டம் இருக்கிறது, வழக்கு வரும். வெளியே காட்டினால் செலவாகும். ஆனால் கற்றது அழியவில்லை. காதல் கல்யாணம், கோயில் தேர், சுடுகாட்டுப் பாதை என்று ஒரு தருணம் வந்தால் போதும், பழரசம் நீட்டியதுபோல எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிடுகிறது. இதை ‘திடீர்க் கலவரம்’ என்று எழுதும் பத்திரிகைகளுக்குக் கற்றலும் வெளிப்பாடும் வேறு என்பது தெரியாது.

பள்ளியில் சாதிக்கென்று ஒரு பாடவேளை கிடையாது. வகுப்பைக் கூட்டச் சொல்லும்போது ஆசிரியரின் கண் எந்த பெஞ்சின் பக்கம் போகிறது. கழிவறையைக் கழுவ யாருடைய பெயர் வருகிறது. விருந்தினருக்குத் தண்ணீர் கொண்டுபோக யாரை எழுப்புகிறார். முப்பது ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. எழுப்பப்பட்டவரும் கற்கிறார், எழுப்பப்படாதவரும் கற்கிறார். தேர்வில்லாமலே முழு மதிப்பெண் வாங்குகிற பாடம் இது ஒன்றுதான்.

‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’ என்று பிள்ளையை ஒப்படைப்பது நம் ஊர்களின் வழக்கம். 1995-இல் சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமி ஆசிரியரால் அடிக்கப்பட்டு ஒரு கண்ணில் பார்வையை இழந்தாள். வழக்கத்தில் விடச்சொன்ன கண்ணைக்கூட விடவில்லை. அந்தச் சிறுமிக்கு நேர்ந்ததை நாம் அப்போதே பேசினோம், எழுதினோம். அந்த வகுப்பில் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று பேசியதாக எனக்கு நினைவில்லை. இன்று அவர்களுக்கு நாற்பது வயதை ஒட்டியிருக்கும். அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் படித்த வருடங்களில்தான், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் உடன்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்றவற்றைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. செய்யவேண்டியதுதான். கயிறு ஒரு தூண்டல். தூண்டலை நீக்கினால் துலங்கல் தற்காலிகமாகக் குறையும். ஆனால் கயிறு கட்டத் தெரிந்த கை கயிறில்லாமலும் அடையாளம் கண்டுகொள்ளும். உள்ளங்கையில் சரஸ்வதியை எழுதிய வரலாறு மணிக்கட்டில் நிறங்களாக ஏறியிருக்கிறது.

6

அப்படியானால் தப்பிக்க வழியே இல்லையா? மனிதனும் எலிதானா? இந்த இடத்தில் நம் விமர்சகர்கள் வழக்கமாக ‘மனிதனின் படைப்பாற்றல்’ என்று பாடத் தொடங்கிவிடுவார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. புதுச்சேரி நகரத்துக்குள் அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943 முதல் நடக்கிறது. தேர்வில்லை, பட்டமில்லை, பிள்ளை தன் போக்கில் முன்னேறலாம். மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் சான்றிதழைத் துறக்கிற சுதந்திரம், சான்றிதழ் இல்லாமலும் வாழ முடிகிறவர்களுக்குத்தான் உண்டு. பத்து கிலோமீட்டர் தள்ளி வில்லியனூரில் அந்தத் தாள்தான் ஒரு பெண் செங்கல் சூளைக்குப் போகாமல் இருப்பதற்கான வழி.

எல்லாவற்றையும் ஒரு வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்புகிற தோழர்களுக்கு ஒரு கதை, நிஜக் கதை. 1924-இல் லெனின்கிராடில் வெள்ளம் வந்து பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் புகுந்தது. கூண்டுகளில் நீந்திக்கொண்டிருந்த நாய்களைக் கடைசி நேரத்தில் மீட்டார்கள். சில நாய்கள் அதுவரை பழகியதை மறந்திருந்தன. விடுதலை என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? பிறகு அறைக்கதவின் கீழே கொஞ்சம் தண்ணீர் கசிய விட்டபோது மீண்டும் அதே கிலி பிடித்துக்கொண்டது. வெள்ளம் பழைய பழக்கத்தை அழித்த இடத்தில் புதிய பயத்தை எழுதிவிட்டுப் போயிருந்தது.

பழக்கம் இன்னொரு பழக்கத்தால்தான் உடைகிறது. சுயமரியாதை இயக்கத்தை இப்படி வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆண்டையைக் கண்டதும் தோள் துண்டு கக்கத்துக்குப் போவது, முதுகு வளைவது, குரல் இறங்குவது எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிய துலங்கல்கள். ஒருவர் துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு நடந்துபோனார். ஆபத்து இருந்தது, அடியும் விழுந்தது. ஆனால் பார்த்தவர்கள் கற்றார்கள். கண்காணிப்புக்காகப் படைக்கப்பட்ட அதே பார்வை எதிர்ப்பையும் கற்றுத்தந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுச்சேரியிலும் பிறகு புதுக்கோட்டையிலும் நடந்த அறிவொளி இயக்கத்தில் இதையே கண்டோம். புதுக்கோட்டையில் எழுதப்படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். யாரும் பரிசு தரவில்லை. ஊர் கேலிதான் செய்தது. தன்னைப்போல் கல் உடைக்கிற, தன்னைப்போல் சேலை கட்டிய ஒருத்தி சைக்கிளில் போவதைப் பார்த்ததே போதுமாக இருந்தது. மாதிரி தன்னைப்போன்றவராக இருக்கும்போது கற்றல் வேகம் பிடிக்கிறது என்று பாண்டுராவும் சொல்லியிருக்கிறார். கலெக்டரம்மா ஓட்டிக் காட்டியிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கடைசியாக, நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை. சேரிகளில் மாலை வகுப்பு நடத்துகிற அமைப்புகள் பல இருக்கின்றன. இதைப் படிப்பவர்களில் பலர் அவற்றில் உழைக்கிறீர்கள். அந்த வகுப்புகளில் கைதட்டு யாருக்கு விழுகிறது? வேகமாக ஒப்பிக்கிற பிள்ளைக்கா, ‘எனக்குப் புரியல’ என்று எழுந்து சொல்கிற பிள்ளைக்கா? பரிசு நோட்டு கொடுக்கும் மேடையில் பிள்ளை யார் காலில் விழுகிறது, விழும்போது நாம் தடுக்கிறோமா? தோழர் பேசும்போது பாய் விரிப்பது யார், டீ போடுவது யார், அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா? பெண் பிள்ளைகளின் கண்ணுக்கு நாம் என்ன மாதிரி? பாவ்லோ ஃபிரேயிரை மேற்கோள் காட்டிக்கொண்டே சட்டாம்பிள்ளையை நியமித்துக்கொண்டிருக்கிறோமா?

நாம் என்ன சொல்லித்தருகிறோம் என்பதற்கு ஒரு கையேடு போட்டுவிடலாம். நம்மைப் பார்த்து என்ன கற்கிறார்கள் என்பதற்குக் கையேடு கிடையாது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.